கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கா? மாற்றுத்திறனாளிகளின் 'டிஜிட்டல் உரிமை' என்றால் என்ன?

வங்கிக் கணக்கு, கரன்ட் பில், காலேஜ் அட்மிஷன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்... எல்லாமே போனுக்குள்ள வந்தாச்சு. ஆனால் அந்தத் திரையைப் பார்க்க முடியாதவர்கள், தொட முடியாதவர்கள், சத்தத்தைக் கேட்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? 'டிஜிட்டல் சேவைகளைப் பெறுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதிதான்' என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ம் தேதி தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது? எல்லாருக்கும் ஏற்ற ஆப், வெப்சைட்டை எப்படி வடிவமைப்பது? எளிமையாகப் பார்க்கலாம்.

வழக்கு எதுக்காக?

பிரக்யா பிரசூன், ஆசிட் வீச்சில் இருந்து உயிர் பிழைத்தவர். முகத்திலும் கண்களிலும் கடுமையான பாதிப்பு. 2023-ல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, டிஜிட்டல் கேஒய்சி-க்காக கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். எதிரில் இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள மனிதர்தான் என்று உறுதி செய்யும் சோதனை அது. அவரால் கண் சிமிட்ட முடியவில்லை. ஆள் நேரில் நிற்கிறார், ஆனாலும் சாஃப்ட்வேர் ஏற்கவில்லை.

பார்வை மாற்றுத்திறனாளியான வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடர்ந்த வழக்கும் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. முகத்தைக் கட்டத்துக்குள் சரியாக வைத்து செல்ஃபி எடுப்பது, திரையில் வரும் குறியீட்டைப் படிப்பது, ஓடிபி நேரம் முடிவதற்குள் டைப் செய்வது என ஒவ்வொரு படியிலும் பார்வையற்றவர்கள் வேறொருவர் துணையை நாட வேண்டியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை. பின் நம்பரையும் ஓடிபி-யையும் அடுத்தவரிடம் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 20 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. முக்கியமானவை:

• கண் சிமிட்டுவது தவிர வேறு வழிகளிலும் சரிபார்க்க வசதி வேண்டும்.
• காகித வழி கேஒய்சி தொடர வேண்டும்.
• ஆப், வெப்சைட்டுகளை உரிய நிபுணர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும்.
• புதிய ஆப் வெளியாகும் முன் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும்.
• நிராகரிக்கப்படும் கேஒய்சி விண்ணப்பங்களை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வழி இருக்க வேண்டும்.

இதைத் தொடர்ந்து 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் கேஒய்சி விதிகளைத் திருத்தியது. உயிர்ப்புச் சோதனை என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்பது அதில் சேர்ந்தது.

'அணுகல்தன்மை' அப்படின்னா?

சென்னை ஓடிஏ - நங்கநல்லூர் சாலை மெட்ரோ ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிஃப்ட் உண்டு. பார்வையற்றவர் கைத்தடியால் தடவி நடக்க, தரையில் மேடு வைத்த டைல்ஸ் உண்டு. கட்டும்போதே யோசித்து வைத்தவை இவை. இதே யோசனையை ஆப், வெப்சைட், கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தால் அதுதான் டிஜிட்டல் அணுகல்தன்மை.

இது சின்ன எண்ணிக்கையும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.79 லட்சம் பேர். வயதானதால் பார்வை மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பார்வையற்றவர் போனை எப்படிப் பயன்படுத்துவார்?

ஸ்கிரீன் ரீடர் என்ற சாஃப்ட்வேர் மூலமாக. திரையில் விரலை நகர்த்தினால், விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைக் குரலில் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற பெயரில் இது போனிலேயே இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு 'என்விடிஏ' என்ற இலவச சாஃப்ட்வேர் உண்டு. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-ல் தொடங்கியது அது. இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். என்விடிஏ தமிழையும் வாசிக்கும்.

அப்புறம் என்ன சிக்கல்? ஸ்கிரீன் ரீடர் திரையைப் 'பார்ப்பதில்லை'. ஆப்பை உருவாக்கியவர் கோடிங்கில் எழுதி வைத்திருப்பதைத்தான் வாசிக்கிறது. 'பணம் அனுப்பு' பட்டனுக்கு வெறும் அம்புக்குறி படம் மட்டும் வைத்து, பெயர் எழுதாமல் விட்டால், அது 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். ஒரே திரையில் அப்படி 5 பட்டன் இருந்தால்? எது பணம் அனுப்பும், எது ரத்து செய்யும் என்று தெரியாது. சரிசெய்ய ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர் எழுதினால் போதும்.

படத்துக்குள் எழுத்து வைப்பதும் இதே கதைதான். நங்கநல்லூரில் ஒரு குடியிருப்போர் சங்கம், 'நாளை குடிநீர் வராது' என்ற அறிவிப்பை அழகான டிசைனில் படமாக வாட்ஸ்அப்பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் எல்லாரும் குடத்தை நிரப்பிவிடுவார்கள். பார்வையற்றவருக்கு மட்டும் 'போட்டோ' என்ற ஒற்றை வார்த்தைதான் கேட்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் வசதிகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் தேதியையோ நேரத்தையோ அவை தப்பாகப் படித்தால் மொத்தமும் வீண். அதே அறிவிப்பைப் படத்துக்குக் கீழே இரண்டு வரி டைப் செய்தால் பிரச்சினை முடிந்தது.

தமிழுக்கு மட்டும் தனிச் சிக்கலா?

ஆமாம். அது எழுத்துருவில் ஒளிந்திருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று டைப் செய்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை முகமூடி மாதிரி மாட்டுகிறது எழுத்துரு. கண்ணுக்கு முகமூடி தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கோ உள்ளே இருப்பதுதான் தெரியும். 'எம் கே செமிகோலன்' என்று அது உளறுவது அதனால்தான்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதில் 'அம்மா' என்றால் உள்ளேயும் 'அம்மா'தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை தரநிலையாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் தயாராகும் பிடிஎஃப் கோப்புகள், பேப்பரை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றும் சுற்றறிக்கைகள் இன்னும் ஒழியவில்லை. கண்ணுக்குத் தமிழாகவும் காதுக்குப் புரியாத சத்தமாகவும் இருப்பவை அவை.

பார்வைக் குறைபாடு மட்டும்தானா?

இல்லை. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வடிவமைப்பு இருக்கிறது.

• செவித்திறன் குறைந்தவர்கள்: வீடியோவுக்கு வசன வரிகள், சைகை மொழி விளக்கம். போனில் பேசினால்தான் புகார் ஏற்கப்படும் என்றால் அவர்களால் புகாரே கொடுக்க முடியாது. சாட், மெசேஜ் வழியும் வேண்டும்.
• கை அசைவு குறைந்தவர்கள்: பெரிய பட்டன்கள், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே முடிக்கும் வசதி. ஒரே ஒரு சுவிட்சை அழுத்தியே கம்ப்யூட்டரை இயக்குபவர்கள் உண்டு. இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் கன்னத் தசையின் அசைவை வைத்தே டைப் செய்தார்.
• நிறக்குருடு உள்ளவர்கள்: தப்பான இடத்தைச் சிவப்பில் மட்டும் காட்டினால் தெரியாது. 'போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று எழுத்திலும் சொல்ல வேண்டும்.
• அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளவர்கள்: எளிய சொற்கள், ஒரு திரைக்கு ஒரு வேலை, அவசரப்படுத்தாத நேர அளவு.

பேச முடியாதவர்களுக்கு? இதற்குச் சென்னையிலேயே ஒரு உதாரணம் உண்டு. சென்னை ஐஐடி-யில் படித்த அஜித் நாராயணன் தன் இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனம் மூலம் உருவாக்கியது 'அவாஸ்'. படங்களைத் தொட்டால் வாக்கியமாக்கிக் குரலில் பேசும். கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து வளர்ந்தது இது. முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட் ஆப் ஆனது. இதற்காக எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழின் 35 வயதுக்கு உட்பட்ட புதுமையாளர்கள் பட்டியலில் 2011-ல் அவர் இடம்பிடித்தார். பயன்படுத்தப் போகிறவர்களோடு சேர்ந்தே உருவாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைச் செய்து காட்டிய கருவி இது.

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதில் 21 வகைக் குறைபாடுகள் அடங்கும். தகவல் தொழில்நுட்பம் அனைவரும் அணுகும்படி இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 42. சேவை வழங்குவோருக்கு 2 ஆண்டு அவகாசம் தந்தது பிரிவு 46. விதிகள் வந்தது 2017 ஜூனில். அப்படியானால் அவகாசம் 2019-லேயே முடிந்துவிட்டது.

ஆனால் அணுகல்தன்மை விதி வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ம் தேதி அந்த விதி 15(1), சட்டத்துக்கே முரணானது என்று கூறிய உச்ச நீதிமன்றம், கட்டாயத் தரநிலைகளை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கொடுத்தது.

அளவுகோல்களும் கைவசம் இருக்கின்றன. டபிள்யூசிஏஜி என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 17802 தரநிலையும் உண்டு.

கூடுதல் செலவு ஆகாதா?

கட்டி முடித்த வீட்டை இடித்துச் சாய்தளம் வைத்தால் செலவுதான். பிளான் போடும்போதே வரைந்துவிட்டால் பெரிய செலவில்லை. ஆப்புக்கும் இதேதான். பலனும் எல்லாருக்கும் கிடைக்கிறது: பஸ்ஸில் சத்தம் இல்லாமல் வீடியோ பார்ப்பவருக்கு வசன வரிகள், வெயிலில் திரை தெரியாமல் தவிப்பவருக்கு நல்ல நிற வேறுபாடு, கண்ணாடியை மறந்துவிட்டு வந்த தாத்தாவுக்குப் பெரிய எழுத்து.

நீங்க என்ன செய்யலாம்?

• அறிவிப்பு, அழைப்பிதழைப் படமாக அனுப்பினால் விவரத்தைக் கீழே யூனிகோடில் டைப் செய்யுங்கள்.
• கடை, பள்ளி, சங்கத்துக்கு வெப்சைட் இருந்தால் போனில் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, டாக்பேக் போய் ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். ஆன் செய்ததும் போன் இயங்கும் விதமே மாறும். ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். திரும்ப ஆஃப் செய்வதும் இதே முறையில்தான்.
• ஒரு ஆப்பில் தடை இருந்தால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தத் திரை, எந்த பட்டன், எந்த ஸ்கிரீன் ரீடர் என்று குறிப்பிடுங்கள். பதில் வரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ, தலைமை ஆணையரிடமோ போகலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை, அடுத்த முறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடமுண்டு.
• வங்கியில் கண் சிமிட்டச் சொல்லி, முடியாததால் கணக்கை மறுத்தால், வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.