தனி அறையில் பரிமாறிய உணவு

பிரான்சு நாட்டில் 1960-களின் பிற்பகுதியில் ஒரு பெற்றோர், கடும் அறிவுக் குறைபாடுடைய தம் மைந்தர் இருவரோடு லூர்து திருத்தலம் செல்ல விழைந்தனர். மறைமாவட்டத் திருப்பயணத்தில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, பிறருக்கு இடையூறு என்றனர். தனியே சென்றனர். விடுதியிலோ உணவு அறைக்கே அனுப்பப்பட்டது. பந்தியில் அமர வழியில்லை. நோயாளர்க்கென்றே பெயர்பெற்ற ஊரில் இது நிகழ்ந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அந்த அறை நமக்கும் புதியதன்று. குத்தாலம் பகுதியில், சாலை விபத்தில் தலையில் அடிபட்டு உயிர்தப்பி வீடு திரும்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். கைகால் நன்றாகவே இருக்கலாம். காலையில் உண்டது மாலையில் நினைவிராது, சொல் தடுமாறும், காரணமின்றிச் சினம் பொங்கும். பதினெட்டாம் பெருக்கன்று தெருவே சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக்குச் செல்லும்போது, அவரும் அவருக்குக் காவலாக மனைவியோ தாயோ மட்டும் வீட்டில் தங்குவர். மருந்தும் சோறும் தவறுவதில்லை, விழாதான் இல்லை.

1964 ஆகஸ்டில், முன்னாள் கடற்படை அதிகாரியான ஜீன் வானியர், பிரான்சின் ஒரு சிற்றூரில் இருவரைத் தம்முடன் வாழ அழைத்து வந்தார். ரபேல் சிறுவயதில் மூளைக்காய்ச்சலாலும், பிலிப் மூளை அழற்சியாலும் பாதிக்கப்பட்டவர்கள். பிறவிக்குறை அன்று, நோய் மூளையைச் சிதைத்த கதை. நோவாவின் பேழையை நினைந்து அவ்வில்லம் 'பேழை' எனப் பெயர்பெற்றது.

லூர்தில் புண்பட்ட அப்பெற்றோரின் வேதனையே, வானியரையும் மரி எலேன் மத்தியூ அம்மையாரையும் 1971 உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பயணத்திற்குத் தூண்டியது. 15 நாடுகளிலிருந்து 12,000 பேர் வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேர் குறைபாடுடையோர். பெற்றோர், பிள்ளைகள், இளம் நண்பர்கள் எனச் சிறு குழுக்களாக வந்து, கூடி உண்டனர், பாடினர். 'விசுவாசமும் ஒளியும்' இயக்கம் அங்குப் பிறந்தது. அதன் குழுக்கள் மாதந்தோறும் கூடுவதோடு, விடுமுறையில் சேர்ந்து தங்கும் முகாம்களும் நடத்துகின்றன. இத்தகைய முகாமில் அதே முகங்கள், அதே நேரம், அதே பாட்டு நாள்தோறும் திரும்ப வரும். மறதியுள்ளவருக்கு அதுவே கைத்தடி. வீட்டாருக்கோ, நெடுநாளுக்குப் பின் சில இரவுகள் நிம்மதியான உறக்கம்!

நம் நாட்டில் பேழையின் முதல் இல்லமான 'ஆஷா நிகேதன்' 1970-இல் பெங்களூரில் எழுந்தது, பின்னர் சென்னையிலும். பல சமயத்தார் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். அதற்கு முன்பே, 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியிருந்தார்.

ஒன்றை மறைத்து எழுதலாகாது. வானியர் 2019-இல் மறைந்தார். அவர் பல பெண்களைத் தகாத முறையில் பயன்படுத்தினார் என்பதைப் பேழை அமைப்பே 2020-இல் வெளியிட்டது. அதன் 2023 ஆய்வு 25 பெண்களைக் குறிப்பிட்டது. ஆகவே இவ்வரலாற்றில் என் வணக்கம் அந்தப் பெற்றோர்க்கே.

நம்மவர்க்கு வேளாங்கண்ணி அருகிலேயே உள்ளது. ஆனால் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழா நாள்கள் இதற்கு ஏற்றவையல்ல. ஒலிபெருக்கியும் நெரிசலும் அடிபட்ட மூளைக்குத் தாங்கா. கூட்டமில்லா ஒரு வாரநாள், பழகிய நான்கைந்து குடும்பங்கள், ஒரு வண்டி, அமைதியான தங்குமிடம், மாலையில் கடற்கரை. உணவு மட்டும் அறைக்குள் வேண்டாம்.