கணினிச் சான்றிதழ்த் தேர்வில் தவறிட்டீங்களா? மறுபடியும் எழுதுமுன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வேலை தேட, பதவி உயர்வு பெற, துறை மாற... காரணம் எதுவாக இருந்தாலும், தகவல் தொழில்நுட்பத் துறையில் இருப்போர் பலர் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுகின்றனர். அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, காம்ப்டியா ஆகியவை நடத்தும் தேர்வுகள் பலருக்கும் அறிமுகமானவை.

தேர்ச்சி இல்லை என்று தெரிந்தவுடன் பொதுவாக இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று, 'உடனே மறுபடியும் எழுதிடலாம்'. மற்றொன்று, 'இது நமக்குச் சரிப்பட்டு வராது'. இரண்டுமே அவசர முடிவுகள்தான். முதலில் விதிமுறை என்ன, எங்கே தவறினோம் என்று பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் காத்திருக்கணும்?

அது தேர்வை நடத்தும் நிறுவனத்தைப் பொறுத்தது.

- அமேசான் வெப் சர்வீசஸ்: 14 நாள் காத்திருக்க வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை.

- மைக்ரோசாஃப்ட்: முதல்முறை தவறினால் 24 மணி நேரம் காத்திருந்தால் போதும். அதன்பிறகு ஒவ்வொரு முறைக்கும் இடையே 14 நாள். 12 மாதத்துக்குள் ஒரே தேர்வை 5 முறைக்கு மேல் எழுத முடியாது.

- சிஸ்கோ: சிசிஎன்ஏ போன்ற எழுத்துத் தேர்வுகளுக்கு 5 நாள். தேர்வுக்கு மறுநாளிலிருந்து கணக்கு தொடங்கும்.

- காம்ப்டியா: இரண்டாம் முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாம் முறையிலிருந்து 14 நாள்.

- சிஐஎஸ்எஸ்பி: இணையப் பாதுகாப்புத் துறையின் இந்தத் தேர்வுக்குக் கட்டுப்பாடு அதிகம். முதல்முறை தவறினால் 30 நாள், இரண்டாம் முறை 60 நாள், அதற்குப் பிறகு 90 நாள். 12 மாதத்துக்குள் 4 முறைதான் எழுதலாம்.

விதிமுறைகள் அவ்வப்போது மாறும். பதிவு செய்யுமுன் நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

கட்டணம் மறுபடியும் கட்டணுமா?

ஆமாம். சலுகைத் திட்டம் எதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம்தான். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். மூன்று முறை எழுதினால் 900 டாலர் ஆகிவிடும், வரி தனி.

சில நேரங்களில் மறுதேர்வையும் சேர்த்து வவுச்சர் விற்கப்படுவதுண்டு. ஆனால் பெரும்பாலும் அதை முதல் தேர்வுக்கு முன்பே வாங்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்க.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுடன் வகுப்பில் சேர்வோர், கட்டணத்தில் தேர்வு அடங்குமா, தவறினால் மறுதேர்வு யார் பொறுப்பு என்று பயிற்சி நிலையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

'680 எடுத்தேன், 20 மார்க்தானே குறைவு?'

இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். மைக்ரோசாஃப்ட் தேர்வில் தேர்ச்சிக்கு 1,000க்கு 700 தேவை. ஆனால் அது 70 விழுக்காடு என்று பொருளில்லை. கேள்விகளின் கடினத்தைக் கணக்கில்கொண்டு மதிப்பெண் ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றப்படுகிறது. எனவே 20 மதிப்பெண் குறைவு என்றால் 'இன்னும் ரெண்டு கேள்வி சரியா போட்டிருந்தா போதும்' என்று கணக்குப் போட முடியாது.

அதைவிடப் பயனுள்ளது, மதிப்பெண் அறிக்கையில் பகுதிவாரியாக உள்ள விவரம். அமேசானின் 'கிளவுட் பிராக்டிஷனர்' தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பகுதிகள்:

- கிளவுட் அடிப்படைகள்: 24 விழுக்காடு
- பாதுகாப்பும் விதிமுறைகளும்: 30 விழுக்காடு
- தொழில்நுட்பமும் சேவைகளும்: 34 விழுக்காடு
- கட்டணமும் ஆதரவும்: 12 விழுக்காடு

பாதுகாப்பு, கட்டணம் இரண்டிலும் நீங்கள் பின்தங்கியிருப்பதாக அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாதுகாப்புக்கு நேரம் ஒதுக்குங்க. அதன் எடை இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேர்ச்சி பெற வேண்டியதில்லை. மொத்த மதிப்பெண்தான் கணக்கு.

காம்ப்டியா அறிக்கை, தவறாகப் பதிலளித்த கேள்விகள் எந்தப் பாட நோக்கத்தைச் சேர்ந்தவை என்று பட்டியலிடும். கேள்வியைக் காட்டாது. அந்தப் பட்டியலையே படிப்பு அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம்.

தெரியலையா, நேரம் போதலையா?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. சிசிஎன்ஏ தேர்வுக்கு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. 'சப்நெட்டிங்' கணக்கு தெரிந்தும் போடுவதற்கு மூன்று நிமிடம் ஆகிறது என்றால், புத்தகத்தை மறுபடியும் படிப்பதில் பயனில்லை. கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்ய வேண்டும்.

அமேசான் தேர்வுகளில் தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எதையும் வெறுமனே விடாதீங்க. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதோர் கூடுதலாக 30 நிமிடம் கேட்கலாம். ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்யுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு.

எப்போது பதிவு செய்யலாம்?

விதிமுறை அனுமதிக்கும் முதல் நாள், நீங்கள் தயாராகும் நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பலவீனமான பகுதிகளில் புதிய பயிற்சிக் கேள்விகளைத் தடுமாறாமல் செய்ய முடிகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்க. ஏற்கனவே செய்த கேள்விகளில் கிடைக்கும் நல்ல மதிப்பெண், ஞாபகசக்தியைத்தான் காட்டும்.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. தேர்வின் பதிப்பே மாறிவிடலாம். காம்ப்டியா 'செக்யூரிட்டி பிளஸ்' தேர்வின் 601 பதிப்பு 2024 ஜூலை மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. அதற்காகப் படித்துத் தள்ளிப்போட்டவர்கள் 701 பதிப்பின் பாடத்திட்டத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

'டம்ப்ஸ்' வாங்கினால் என்ன?

உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படுபவை அவை. ஒருமுறை தவறியவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் கேள்விகளைப் பகிர மாட்டேன் என்ற ஒப்பந்தத்தை ஏற்ற பிறகுதான் தேர்வே தொடங்குகிறது. மீறியது தெரியவந்தால் முடிவு ரத்தாகலாம், பெற்ற சான்றிதழும் பறிபோகலாம், இனி எழுதவே தடை வரலாம். ஒரு கட்டணம் போவதைவிட அது பெரிய இழப்பு.

தவறியது முதலாளிக்குத் தெரியுமா?

சான்றிதழிலோ மின்னிலக்க வில்லையிலோ நீங்கள் எத்தனை முறை எழுதினீர்கள் என்று இருக்காது. தேர்ச்சி பெற்றது மட்டுமே இருக்கும். ஆனால் நிறுவனம் கட்டணம் செலுத்தியிருந்தால் முடிவைக் கேட்கக்கூடும். அப்போது அறிக்கையையும் அடுத்த தேதியையும் சேர்த்தே சொல்லிடுங்க.

இப்போதைக்கு ஒரு வேலை: தேர்வு முடிந்த அன்றைக்கே, தடுமாறிய தலைப்புகளை உங்களுக்காகக் குறித்துவைங்க. ஒரு வாரம் போனால் பாதி மறந்துவிடும்.