மலாக்கா போறீங்களா? முதலில் இந்த நெல்லி மரத்தைத் தெரிஞ்சுக்கோங்க!

சிவப்புக் கட்டடம், ஏ ஃபாமோசா, ஜோங்கர் வாக், செண்டோல். மலாக்கா என்றதும் இவைதானே ஞாபகத்துக்கு வரும்? ஆனால் மாநிலச் சின்னத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே நிற்பது ஒரு நெல்லி மரம். நாம் ஊறுகாய் போடுகிறோமே, அதே நெல்லிதான்! மலாயில் அதன் பெயர் 'போக்கோக் மலாக்கா'.

சின்னம் என்ன சொல்கிறது?

பரமேஸ்வரா இந்த மரத்தடியில் ஓய்வெடுத்தபோது, ஒரு சருகுமான் அவருடைய வேட்டை நாயை எட்டி உதைத்ததாம். 'இந்த இடத்தில் மானுக்கே இவ்வளவு வீரமா!' என்று வியந்தவர், மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது மரபுக் கதை. அதனால்தான் சின்னத்தில் மரத்தோடு இரண்டு சருகுமான்களும் உண்டு. ஐந்து கெரிஸ் கத்திகள் ஹங் துவா, ஹங் ஜெபாட் உள்ளிட்ட ஐந்து வீரர்களைக் குறிக்கின்றன.

எங்கே இருக்கிறது?

நெகிரி செம்பிலானுக்கும் ஜொகூருக்கும் நடுவே, நீரிணையை ஒட்டிய சிறிய மாநிலம். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்றே மாவட்டங்கள். சுல்தான் கிடையாது, மாநிலத் தலைவர் ஆளுநர்.

யார் யார் ஆண்டார்கள்?

• 1400 வாக்கில்: பரமேஸ்வரா தொடங்கிய அரசு
• 1511: போர்த்துகீசியர்
• 1641: டச்சுக்காரர்கள்
• 1824: ஒப்பந்தப்படி பிரிட்டிஷார்
• 1942–1945: ஜப்பானியர்
• 1956 பிப்ரவரி 20: சுதந்திரத் தேதியைத் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தது இங்கேதான்
• 2008: ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி

இதில் நாம் எங்கே?

இரண்டு இடங்களில் இருக்கிறோம். முதலாவது, துறைமுகம். சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் வணிகர்கள் இங்கே வந்தார்கள். இங்குள்ள பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா, கும்பிடுவது மாரியம்மன். காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போனால் நேரில் பார்க்கலாம். ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலையும் விட்டுவிடாதீங்க. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-ல் எழுந்த கோயில் அது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

இரண்டாவது, தோட்டம். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். ரப்பர் பரவப் பரவ, பால் மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1938-ல் இந்தியா அதை நிறுத்தும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

இன்று பல இடங்களில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகள் இருந்த இடத்தில் தாமான்கள் நிற்கின்றன. ஆனால் மாநிலத்தின் 20-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. தோட்டம் போனாலும், பள்ளியின் பெயர்ப் பலகை அதை ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தப் பள்ளியும் போய்விட்டால்?

எப்படிப் போவது?

மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் வந்தால் மலாக்கா சென்ட்ரல். ரயிலில் வந்தால் புலாவ் செபாங்/தம்பின் நிலையம். ரயிலில் வருவது ஒரு வகையில் நல்லது. அங்கிருந்து அலோர் காஜா வழியாக நகருக்குப் போகும்போது கைபேசியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். உங்கள் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால், அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.