கணவாயின் நரம்பும் மனித மூளையும்

நரம்பின் வழியே செய்தி எவ்வாறு செல்கின்றது என்னும் வினாவுக்குரிய விடையின் இரு கூறுகள் 1902ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டன. எனினும், அவை ஒன்றுசேர அரை நூற்றாண்டு சென்றது. நரம்பு தூண்டப்படும்போது அதன் மென்சவ்வு எல்லா அயன்களுக்கும் ஒரு கணம் வழிவிட, மின்னழுத்த வேறுபாடு மறைந்துவிடும் என்றார் ஜேர்மனிய அறிஞர் பேண்ஸ்ரைன். சோடியமற்ற கரைசலில் தவளைத் தசை தூண்டலுக்கு இணங்காமையைக் கண்ட ஓவர்ற்றன், சோடியம் உட்புகுவதே காரணமாகலாம் எனக் கருதினார். முன்னவர் கொள்கை நிலைபெற்றது. பின்னவர் கருத்தோ நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இவற்றைச் சோதித்தறியத் தடையாயிருந்தது நரம்பு நாரின் நுண்மையேயாம். கணவாயின் உடலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நார் உண்டென்பதை 1936இல் யங் எடுத்துக்காட்டினார். மயலின் என்னும் கொழுப்புறை அதற்கில்லை. 1939இல் பிளிமத் ஆய்வுகூடத்தில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்நாரினுள்ளே மின்வாயைச் செலுத்தி அளந்தனர். மின்னழுத்தம் சுழியத்தோடு நில்லாது, அதனைக் கடந்து ஏறக்குறைய 40 மில்லிவோற்று உயர்ந்தது. பேண்ஸ்ரைன் கொள்கைக்கு இது பொருந்தவில்லை. ஆயின், சில வாரங்களில் உலகப்போர் மூண்டது, ஆய்வும் தடைப்பட்டது.

போரின் பின், 1949இல் ஹொட்ஜ்கினும் கற்சும், கடல்நீரின் சோடியத்தைக் குறைத்தால் அவ்வுயர்ச்சியும் குறையுமெனக் காட்டினர். ஓவர்ற்றன் கருத்து உயிர்பெற்றது. 1952இல் சோடியம், பொற்றாசியம் என்பவற்றின் ஓட்டங்களை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சமன்பாடுகளில் அமைத்தனர். கையாற் சுழற்றும் கணிப்பொறி கொண்டு ஹக்ஸ்லி கணித்த வேகம் வினாடிக்கு 18.8 மீற்றர், அளந்து கண்டதோ 21.2 மீற்றர். 1963இல் இருவரும் எக்கிள்சுடன் நோபெல் பரிசினைப் பகிர்ந்தனர்.

சோடியம் புகும் வாயில் யாது? அது ஒரு புரதம். மின்விலாங்கின் சோடியக் கால்வாய் 1,820 அமினோவமிலங்களாலானதென யப்பானிய அறிஞர் நூமாவின் குழுவினர் 1984இல் வெளியிட்டனர். நம் மூளையிலும் மயலினற்ற நார்கள் எண்ணிறந்தன. பல, மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் மெலியன. மயலினுள்ள நாரில் இக்கால்வாய்கள் உறையின் இடைவெளிகளிற் செறிந்திருக்கும். மயலினற்ற நாரிலோ நெடுகப் பரந்திருக்கும். இத்தகைய மூளை நார்களில் மிகுந்து காணப்படும் கால்வாயினத்தின் மரபணு பிறழ்வதால், சில குழந்தைகளுக்கு வலிப்பு நோய் உண்டாதலை இந்நூற்றாண்டு கண்டறிந்துள்ளது.

கடல்வாழ் உயிரொன்றின் நரம்பை ஆராய்ந்தமை குழந்தையின் நோயை விளக்க உதவிற்று. பயன் யாதெனக் கேட்டு அன்றே அவ்வாய்வை நிறுத்தியிருப்பின், இவ்விளக்கம் நமக்குக் கிட்டியிராது. ஏற்கப்படாத கருத்தெல்லாம் பிழையன்று என்பதும், அதனைச் சோதிக்குங் கருவி வருங்காறும் பொறுத்திருத்தல் அறிவுடைமை என்பதும் இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் உண்மைகளாம்.