இருண்ட அறையும் கறிவேப்பிலைக் கன்றும்

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடர்மாடிகளில் குடியிருக்கும் எம்மவர் பலர் முதலில் தேடி வாங்கும் செடி கறிவேப்பிலை. அதை வரவேற்பறை மூலையில் வைக்கிறோம். குளிர்காலத்தில் இலை கொட்டியதும், "இந்த நாட்டு மண் ஒத்துவரவில்லை" என்று கைவிட்டுவிடுகிறோம். பெரும்பாலும் குறை மண்ணில் அல்ல, வெளிச்சத்தில்தான்.

யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். மெல்பேர்ணில் யூன் மாதப் பகல் 9½ மணி நேரமே. அத்துடன் இங்கு சூரியன் வடக்குப் பக்கமாகவே செல்லும். தெற்கு யன்னல் மட்டும் உள்ள அறைக்குக் குளிர்காலம் முழுவதும் நேர் வெயில் வராது.

செடி வாங்குமுன் அறையைச் சோதியுங்கள். நண்பகலில், செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் நிழல் தாங்கும் செடிகள் மட்டும் வளரும். நிழலே தெரியாவிட்டால் செடி விளக்கு வேண்டும்.

மங்கலான அறைக்கு ஏற்றவை: ஊரில் நார் எடுத்த மருளின் இனமான பாம்புச் செடி, கிழங்கில் நீர் சேமிக்கும் இசட்-இசட் செடி, மணி பிளான்ட், பீஸ் லில்லி. இவற்றைக் கடித்தால் வாய் எரியும், வயிறு குழம்பும். குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பாம்புச் செடிக்குக் குளிர்காலத்தில் மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை போதும். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். இலைத் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஹீட்டர் காற்று நேரே படவிடாதீர்கள். பசளை வேனிற்காலத்தில் மட்டும் இடுங்கள்.

கறிவேப்பிலைக்கு வடக்குப் பார்த்த பல்கனியோ யன்னலோ வேண்டும். உறைபனி படக்கூடாது. குளிரில் இலை கொட்டுவது இயல்பு. தாகம் என்று எண்ணி நீரை அள்ளி ஊற்றினால் வேர் அழுகும். தண்டு பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள், வசந்தத்தில் துளிர்க்கும்.

ஊரிலிருந்து கன்றோ விதையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டாம். கறிவேப்பிலை தோடையின் குடும்பம். தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் வாழும். கன்றுகள் இங்குள்ள நாற்றுமேடைகளிலேயே கிடைக்கின்றன.

வீட்டின் இருண்ட மூலையைப் பாம்புச் செடிக்குக் கொடுங்கள். வெயில் விழும் ஒரே யன்னலைக் கறிவேப்பிலைக்கு விடுங்கள்.