1947 பிரித்தானியக் கடுங்குளிர்காலமும் வீடுகளும்

1947 ஆம் ஆண்டு ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை, பிரித்தானியாவின் ஏதேனும் ஒரு பகுதியில் நாள்தோறும் பனி பெய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் வந்த இக்காலம் அந்நாட்டின் சமூக வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது. வெப்பநிலையை மட்டும் கொண்டு பார்த்தால் 1962–63 குளிர்காலம் இதைவிடக் கடுமையானது. எனினும் 1947 இன் துயரம் குளிரால் மட்டும் விளைந்ததன்று. வீட்டின் வெப்பம், வெளிச்சம், சமையல் ஆகிய அனைத்தும் நிலக்கரி என்ற ஒரே பொருளை நம்பியிருந்ததே அதற்கு முதன்மைக் காரணமாகும்.

பின்னணி

அக்காலத்தில் பெரும்பாலான பிரித்தானிய வீடுகளில் மைய வெப்பமூட்டும் வசதி கிடையாது. ஓர் அறையில் நிலக்கரி எரியும் திறந்த கணப்பு இருக்கும். அதன் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவே வெளியேறிவிடும். படுக்கையறைகளில் பொதுவாக நெருப்பு மூட்டுவதில்லை. எளிய குடும்பங்களின் கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டில் நிலையான குளியல் தொட்டி இல்லை.

போர்க்காலப் பங்கீட்டு முறையும் நீடித்தது. நிலக்கரி, துணி, சோப்பு, இறைச்சி முதலியவற்றுடன், போரின்போதுகூடப் பங்கீட்டில் இல்லாத ரொட்டியும் 1946 ஜூலையில் பங்கீட்டுக்குள் வந்தது. நிலக்கரி போதாமையால் பலர் மின்கணப்புகளை வாங்கினர். ஆனால் மின்சாரமும் நிலக்கரியை எரித்தே உற்பத்தி செய்யப்பட்டது. சமையலுக்குக் குழாயில் வந்த எரிவாயுவும் நிலக்கரியிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே மக்கள் மாற்று வழி என்று நம்பியவையும் அதே கையிருப்பைத்தான் கரைத்தன.

பனியும் நிலக்கரியும்

1947 ஜனவரி 1 அன்று நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அப்போதே மின்நிலையங்களின் கையிருப்பு குறைவாக இருந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் பனி தொடங்கியது. சில இடங்களில் காற்று குவித்த பனி 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. இருப்புப்பாதைகள் மூடப்பட்டன. வெட்டியெடுத்த நிலக்கரி சுரங்க வாயில்களிலேயே உறைந்து கிடந்தது. வடகிழக்குத் துறைமுகங்களிலிருந்து இலண்டனுக்கு நிலக்கரி ஏற்றிவரும் கப்பல்களும் புயலால் தடைப்பட்டன. நாட்டில் நிலக்கரி இருந்தும் தேவையான இடத்துக்கு வந்து சேரவில்லை. பாதைகளைத் திறக்கப் படைவீரர்களும், நாட்டில் எஞ்சியிருந்த செருமானியப் போர்க்கைதிகளும் பனியை அள்ளினர்.

பிப்ரவரி 2 முதல் 22 வரை இலண்டனை அடுத்த கியூ வானிலை நிலையத்தில் சூரிய ஒளியே பதிவாகவில்லை. பிப்ரவரி 25 அதிகாலையில் வோபர்னில் வெப்பநிலை −21 பாகை செல்சியசுக்கு இறங்கியது.

மின்வெட்டு

எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றத்தில் மின்வெட்டை அறிவித்தார். பிப்ரவரி 10 முதல் இலண்டன், தென்கிழக்கு, மத்திய, வடமேற்குப் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீடுகளில் காலை 9 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் மின்சாரம் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது. இத்தடை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. வார இதழ்கள் வெளிவரவில்லை. ஆலைகள் மூடப்பட்டதால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து, கணப்பு எரியாத வீடுகளுக்குத் திரும்பினர்.

வீட்டுக்குள் வாழ்க்கை

தடை செய்யப்பட்ட ஐந்து மணி நேரமும் வீட்டு வேலைகள் நடக்கும் பகற்பொழுதில் அமைந்தது. அதனால் இதன் சுமை பெரும்பாலும் இல்லத்தரசிகள் மீதே விழுந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர்கள் வேலை செய்தனர். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் கூடி இருந்தது. கதவிடுக்குகளில் பழந்துணியும் செய்தித்தாளும் திணிக்கப்பட்டன. மேலங்கியைக் கழற்றாமலே பலர் உறங்கினர். வெந்நீர்ப் புட்டியைப் படுக்கையில் வைத்துக்கொண்டனர்.

நிலக்கரி வண்டி வராத தெருக்களில் இருந்தவர்கள் எரிவாயு ஆலைகளுக்கு முன் வரிசையில் நின்றனர். எரிவாயு எடுத்தபின் எஞ்சும் கல்கரியை வாங்கிக் குழந்தைத் தள்ளுவண்டியிலும் சறுக்குப் பலகையிலும் இழுத்துச் சென்றனர்.

தண்ணீர் மற்றொரு சிக்கலாயிற்று. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெளிச்சுவரை ஒட்டியும் கூரைக்கடியிலும் மூடாக்கின்றிச் சென்றன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால் குழாய்கள் வெடித்தன. உள்ளே பனிக்கட்டி அடைத்திருக்கும் வரை வெடிப்பு தெரியாது. குளிர் தணிந்து பனிக்கட்டி உருகியதும் வீட்டுக்குள் நீர் கொட்டும். இதைத் தவிர்க்கக் குழாய்களில் பழந்துணி சுற்றுவதும், கொல்லைக் கழிவறையில் சிறு மண்ணெண்ணெய் விளக்கை இரவு முழுதும் எரியவிடுவதும் வழக்கம்.

உணவும் தட்டுப்பட்டது. வைக்கோலும் மண்ணும் மூடிச் சேமித்திருந்த உருளைக்கிழங்குக் குவியல்கள் உறைந்து அழுகின. இறுகிய நிலத்திலிருந்து கிழங்குகளை எடுக்கச் சில இடங்களில் சாலை உடைக்கும் துளைக்கருவிகள் பயன்பட்டன.

துண்டிக்கப்பட்ட ஊர்கள்

மலைப்பகுதிச் சிற்றூர்கள் வாரக்கணக்கில் வெளியுலகத் தொடர்பை இழந்தன. ஸ்டாஃபோர்ட்ஷயர் மேட்டுநில ஊர்களுக்கு உணவு போடச் சென்ற விமானப்படையின் ஹாலிஃபாக்ஸ் விமானம் பிப்ரவரி 13 அன்று கிரிண்டன் அருகே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த எட்டுப் பேரும் உயிரிழந்தனர்.

பனி உருகியபோது

மார்ச் நடுவில் வெப்பம் திரும்பியது. அடியில் நிலம் உறைந்தே இருந்ததால் உருகிய பனிநீரையும் மழைநீரையும் அது உறிஞ்சவில்லை. தேம்சு, செவர்ன், டிரென்ட் முதலிய ஆறுகள் கரைபுரண்டன. குளிரைத் தாங்கி நின்ற பல்லாயிரம் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. மலைநிலங்களில் ஆடுகள் பெருமளவில் மடிந்தன.

பின்விளைவுகள்

பொருளாதாரம் பெரும் பின்னடைவைச் சந்தித்தது. இருண்ட அந்த வாரங்களிலேயே, பிப்ரவரி 20 அன்று, 1948 ஜூனுக்குள் இந்தியாவில் ஆட்சி மாற்றம் நிகழும் எனப் பிரதமர் கிளமென்ட் அட்லி அறிவித்தார். அம்முடிவின் காரணங்கள் குளிர்காலத்துக்கு முற்பட்டவை. எனினும் அதை அறிவித்த அரசு தன் மக்களின் கணப்புகளுக்கே எரிபொருள் தர இயலாத நிலையில் இருந்தது. அக்டோபரில் ஷின்வெல் எரிபொருள் துறையிலிருந்து மாற்றப்பட்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கும் பங்கீட்டுக்குள் வந்தது. நிலக்கரிப் பங்கீடு 1958 வரை நீடித்தது.

1965 இல் வடகடலில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்ட பின், மைய வெப்பமூட்டல் படிப்படியாகப் பரவித் திறந்த கணப்புகள் மறைந்தன. ஆயினும் எரிவாயுக் கொதிகலனின் நீரேற்றியும் கட்டுப்பாட்டுக் கருவியும் இயங்க மின்சாரம் வேண்டும். பனிப்புயலில் மின்கம்பி அறுந்தால் அதுவும் நின்றுவிடும். ஒரு வீட்டின் எல்லா வசதிகளும் ஒரே மூலத்தைச் சார்ந்திருந்தால் அம்மூலம் தடைப்படும்போது அனைத்தும் ஒன்றாக நின்றுபோகும் என்பதே 1947 குளிர்காலம் காட்டிய உண்மையாகும்.