சுவரோரத்தில் நழுவல்: எல்லை நிபந்தனை ஒன்றின் வரலாறு

குழாயில் ஓடும் நீர், சுவரைத் தொடும் இடத்தில் அசையாது நிற்கிறதா, நழுவிச் செல்கிறதா? பாய்மத்தின் ஓட்டத்தைக் கணிதமாக்குவோர் முதலில் இதற்கு விடை கூறியாக வேண்டும். அவ்விடையே எல்லை நிபந்தனை. ஓட்டச் சமன்பாடு அதைத் தானே தருவதில்லை. நாம்தான் வெளியிலிருந்து இட வேண்டும்.

1820களில் பிரெஞ்சுப் பொறியாளர் நவியே, பாய்மம் சுவரில் ஓரளவு நழுவும் எனக் கொண்டார். 1845இல் ஸ்டோக்ஸ் நழுவாமையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தார். அன்றிருந்த குழாய் அளவீடுகளோடு விடை பொருந்தாமையால் தயங்கினார். குறை நிபந்தனையில் இல்லை. அவ்வளவீடுகள் கொந்தளிப்பான ஓட்டத்துக்கு உரியவை. மருத்துவம் பயின்ற புவாசேய், மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, வெளியேறும் அளவு விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதமாவதை 1840களில் நிறுவினார். நழுவல் இருந்திருப்பின் மூன்றாம் படியும் அதில் கலந்திருக்கும். நீரைப் பொறுத்தவரை வழக்கு பெரும்பாலும் தீர்ந்தது.

சேறு, வண்ணப்பூச்சு, உருகிய நெகிழி, ரப்பர் ஆகியவை நியூட்டன் விதிக்கு அடங்காதவை. இவற்றில் வழக்கு மீண்டும் எழுந்தது. சுவரில் நழுவும் பொருள், அளப்பவர் கண்ணுக்கு உள்ளதைவிட இளகியதாகவே தோன்றும். பொருளின் இயல்பும் சுவரின் செயலும் ஒரே எண்ணில் மறைந்துவிடும். அமெரிக்க ரப்பர் நிறுவனமொன்றில் பணியாற்றிய மெல்வின் மூனி 1931இல் இவற்றைப் பிரிக்க வழி கண்டார். சுவரில் ஒரே விசை செயற்படுமாறு வெவ்வேறு ஆரமுள்ள குழாய்களில் பொருளைச் செலுத்தி, ஓட்ட அளவை ஆரத்தின் மூன்றாம் படியால் வகுக்க வேண்டும். எல்லாக் குழாய்களிலும் ஒரே எண் வந்தால் நழுவல் இல்லை. குறுகிய குழாயில் எண் மிகுந்தால், அம்மிகுதி நழுவலின் பங்கு.

பின்னர் அவர் அமைத்த பாகுமானியில் நழுவலை அளக்க முற்படவில்லை. ரப்பருக்குள் சுழலும் வட்டின் முகத்தில் பள்ளங்கள் வெட்டி அதைத் தடுத்தார். மலேசியத் தரப்படுத்திய ரப்பர் திட்டம் 1965இல் தொடங்கியது. அதன் மாறாப் பாகுமை வகைகளுள் ஒன்றில் காணும் 60 என்னும் எண், அக்கருவி காட்டும் மூனி அளவே.

மொழியியலார் என்ற முறையில் ஒன்று கூறலாம். 'வழுக்கல்' என்றால் நம் மனம் தரையை நினைக்கும். 'நழுவல்' என்றால் பிடிவிட்டுப் போகும் பொருளை நினைக்கும். நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளில் இவ்விரண்டும் நிகழ்கின்றன. சில வேளை சங்கிலிகள் சுவரை விட்டே பெயர்கின்றன. சில வேளை சுவரில் ஒட்டிய சங்கிலிகள் அங்கேயே நிற்க, அவற்றோடு பின்னியிருந்தவை சிக்கவிழ்ந்து விலகுகின்றன. முன்னதை வழுக்கல் என்றும் பின்னதை நழுவல் என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்பது நம் கருத்து.